அச்சிட்ட உலோகங்களின் அயர்ச்சியும் முறிவும்

முன்னுரை

வண்டியின் அச்சு ஏன் முறிகிறது? திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது. ஏற்றப்படுவது மயிற்பீலியே ஆயினும், அளவு மிஞ்சினால் அச்சு தாங்காது என்பது அங்குப் புலப்படும் கருத்தாகும். இது மிகைச்சுமையால் நேரும் முறிவு. ஆயின், அளவறிந்து ஏற்றிய வண்டியின் அச்சும் ஒருநாள் முறிவதுண்டு. முன்னர் இலட்சம் முறை தாங்கிய அதே சுமையை, ஒருநாள் தாங்க மாட்டாமல் இரண்டாகப் பிளப்பதுண்டு. இவ்விரண்டாம் வகை முறிவையே பொறியியலார் 'உலோக அயர்ச்சி' என்று வழங்குவர்.

உலோகப் பொருள்களை வார்த்தும், அடித்தும், கடைந்தும் செய்துவந்த மனிதன், இன்று கணிப்பொறியின் கட்டளைப்படி அவற்றைப் படைபடையாக 'அச்சிட்டும்' செய்கிறான். முப்பரிமாண அச்சாக்கம் என்று கூறப்படும் இம்முறையில் உருவான உறுப்புகள் வானூர்தியின் எஞ்சினிலும், ஏவூர்தியிலும், நோயாளியின் இடுப்பு மூட்டிலும் இடம்பெற்றுவிட்டன. அவை எத்தனை காலம் முறியாமல் உழைக்கும் என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாகும். அவ்வினாவுக்கு அறிவியல் கூறும் விடையை எளிய தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயர்ச்சி என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'ஃபெட்டீக்' என வழங்கும் கலைச்சொல்லைத் தமிழில் களைப்பு, சோர்வு, அயர்ச்சி எனப் பலவாறு ஆள்கின்றனர். அவற்றுள் 'அயர்ச்சி' என்பதை ஈண்டு நாம் மேற்கொள்கிறோம். ஆயினும் இச்சொல்லைக் கையாளும்போது இரண்டு வேறுபாடுகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, அயர்ந்த மனிதன் உறங்கி எழுந்தால் புத்துணர்வு பெறுகிறான். உலோகமோ ஓய்வளித்தாலும் தேறுவதில்லை. அது பட்ட தழும்பு அப்படியே இருந்து, அடுத்த சுமைக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது, மனிதனின் அயர்வு உடல் முழுவதும் பரவி நிற்கும். உலோகத்தின் அயர்வோ பெரும்பாலும் ஓரிடத்தில் தொடங்குகிறது. மற்ற பகுதிகள் யாவும் வலிமை குன்றாதிருக்க, அவ்வோரிடத்தில் மட்டும் கண்ணுக்குப் புலனாகாத விரிசல் ஒன்று முளைத்துச் சிறிது சிறிதாக வளர்கிறது. எஞ்சிய பரப்பு சுமையைத் தாங்க இயலாத நிலை வரும்போது உறுப்பு திடீரென முறிகிறது.

வெட்டுக்கருவி கையில் இல்லாதபோது, கட்டுக்கம்பியை நாம் இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்து ஒடிப்பதில்லையா? இழுத்து அறுக்க முடியாத கம்பி, வளைத்து நிமிர்த்தச் சில முறைகளிலேயே ஒடிந்துவிடுகிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி கூறுவதும் இவ்வுண்மையையே எனலாம்.

வண்டியச்சு கற்பித்த பாடம்

உலோக அயர்ச்சியை உலகம் உணர்ந்தது இருப்புப்பாதையின் வாயிலாகத்தான். 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சேல்சு நகரிலிருந்து பாரிசு திரும்பிய தொடர்வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதித் தீப்பற்றின. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நன்றாக உழைத்துவந்த அச்சு ஏன் முறிந்தது என்னும் வினா அறிஞர்களைச் சிந்திக்க வைத்தது.

ஓடும் தொடர்வண்டியின் அச்சை நினைத்துப் பார்ப்போம். பெட்டியின் சுமையால் அச்சு சிறிதளவு வளைகிறது. அதன் ஒருபுறம் இழுபடுகிறது, மறுபுறம் அமுக்குண்கிறது. சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றியதும் இழுபட்ட புறம் அமுக்குண்கிறது. அமுக்குண்ட புறம் இழுபடுகிறது. சக்கரத்தின் விட்டம் 0.915 மீட்டர் எனக் கொண்டால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஏறத்தாழ 348 சுற்றுகள் ஆகும். 29,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அச்சு 1 கோடி முறை இழுபட்டும் அமுக்குண்டும் விடுகிறது. சுமை கூடவில்லை, எண்ணிக்கையே கூடியது.

செருமானியப் பொறியாளரான ஆகஸ்ட் வோலர் என்பார் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இதற்கெனவே சோதனைப் பொறிகளை அமைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரே முறை இழுத்து அறுக்கத் தேவைப்படும் விசையைவிட மிகக் குறைந்த விசையே, பலமுறை மாறி மாறித் தாக்கினால் இரும்பை முறித்துவிடும் என்பதை அவர் மெய்ப்பித்தார். எஃகைப் பொறுத்தவரை, ஓர் எல்லைக்குக் கீழ்ப்பட்ட விசை கோடி முறை தாக்கினும் முறிவு நேர்வதில்லை என்பதையும் அவர் கண்டார். இவ்வெல்லையை 'அயர்ச்சி வரம்பு' எனலாம்.

பாடம் கற்ற பின்னரும் உலகம் ஒருமுறை அதனை மறந்தது. 1954ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்பிரலிலும் 'காமெட்' என்னும் பிரித்தானியப் பயணிகள் வானூர்திகள் இரண்டு நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. அவற்றுள் முதலாவது, காற்றழுத்தம் ஏற்றிய நிலையில் 1,290 முறை பறந்திருந்தது. மற்றொரு வானூர்தியின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தபோது, திறப்பின் மூலையில் தோன்றிய அயர்ச்சி விரிசலே காரணம் என்பது தெளிவாயிற்று.

விரிசலின் கணக்கு

விரிசல் இத்துணை வலிமை வாய்ந்ததாக இருப்பது ஏன்? ஆற்று நீரோட்டத்தின் நடுவே பாறை ஒன்று நின்றால், நீர் அதன் இருபுறமும் நெருக்கி விரைந்தோடும். அதுபோலவே உலோகத்தினுள் செல்லும் விசையோட்டம், விரிசலைச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் அதன் கூர்முனையில் நெருங்கித் திரள்கிறது. ஓர் அலகுப் பரப்பில் தாங்கப்படும் விசையைத் 'தகைவு' என்பர். விரிசலின் முனையில் தகைவு பன்மடங்காகிறது.

கண்ணாடி, தன் இயல்பான வலிமையில் ஒரு சிறு பங்கிலேயே உடைந்துவிடுவதற்கு அதனுள் உறையும் நுண்விரிசல்களே காரணம் என்று இங்கிலாந்தின் கிரிஃபித் 1921இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். விரிசலின் நீளம் நான்கு மடங்கானால் பொருளின் வலிமை பாதியாகும் என்பது அவர் கணக்கின் சாரம். அமெரிக்க அறிஞர் இர்வின் 1950களில் இக்கருத்தை உலோகங்களுக்கும் பொருந்துமாறு விரித்துரைத்தார். விரிசலைத் தன்னுள் வைத்துக்கொண்டே முறியாமல் நிற்கும் ஆற்றலை 'முறிவெதிர் திறன்' எனலாம்.

1961ஆம் ஆண்டு பால் பாரிசு என்பார், ஒவ்வொரு சுமைச் சுழற்சியிலும் விரிசல் எவ்வளவு வளர்கிறது என்பதைக் கணக்கிட வழி காட்டினார். உலோகங்கள் பலவற்றில், மாறிவரும் தகைவு இருமடங்கானால் விரிசல் வளரும் வேகம் எட்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது. ஆகவே தொடக்க விரிசலின் அளவும் சுமையின் அளவும் தெரிந்தால் உறுப்பின் ஆயுளை ஓரளவு முன்கூட்டியே கூறலாம். விரிசல் இல்லாத உறுப்பாயின், விரிசல் முளைப்பதற்கே ஆயுளின் பெரும்பகுதி செலவாகிவிடும். இக்குறிப்பை நாம் மறவாதிருத்தல் நலம். அச்சிட்ட உலோகத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

படைபடையாய் எழும் உலோகம்

சிற்றூர்களில் மண்சுவர் வைப்போர் ஒரு படை வைத்து, அது இறுகியபின் அதன்மேல் மறுபடை வைப்பர். உலோக அச்சாக்கமும் அவ்வகைப்பட்டதே. காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயு நிரம்பிய அறையில், 30 முதல் 60 மைக்ரோமீட்டர் கனத்தில் நுண்ணிய உலோகத்தூள் பரப்பப்படுகிறது. தலைமயிரின் தடிமனைவிடக் குறைந்த கனம் இது. கணிப்பொறி வரைந்து காட்டும் வழியே லேசர்க் கதிர் ஓடித் தூளை உருக்குகிறது. உருகியது நொடிப்பொழுதில் உறைகிறது. மேடை சிறிது கீழிறங்க, மறுபடித் தூள் பரப்பப்படுகிறது. 30 மைக்ரோமீட்டர் கனமுள்ள படைகளால் 6 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுப்பை எழுப்ப 2,000 படைகள் வேண்டும்.

இதன் பயன்கள் பல. ஜி.இ. நிறுவனம் 'லீப்' என்னும் வானூர்தி எஞ்சினின் எரிபொருள் நுனிக்குழலை இம்முறையில் செய்கிறது. முன்னர் 20 உறுப்புகளைப் பற்றவைத்து ஆக்கப்பட்ட அக்குழல், இன்று ஒரே துண்டாக வெளிவருகிறது; எடையும் 25 விழுக்காடு குறைந்துள்ளது. இவ்வெஞ்சின் 2016இல் பயணிகள் சேவைக்கு வந்தது. நம் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2024 மே 9ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் நான்காம் கட்ட எஞ்சினை அச்சிட்ட வடிவில் 665 நொடிகள் எரித்துச் சோதித்து வெற்றி கண்டது. 14 உறுப்புகள் ஒன்றாயின. 19 பற்றவைப்பு இணைப்புகள் தேவையற்றுப் போயின.

ஆயினும் மண்சுவர் வைப்போர் ஓர் உண்மையை அறிவர். சுவரின் வலிமை படையில் மட்டும் இல்லை. படைக்கும் படைக்கும் இடையே உள்ள பிடிப்பிலும் இருக்கிறது.

குறைகளின் வகைகள்

அச்சிட்ட உலோகத்தில் காணப்படும் குறைகளை ஐந்தாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, உருகாக் குறை. லேசரின் வெப்பம் போதாதவிடத்து மேற்படை கீழ்ப்படையோடு ஒட்டாமல் நின்றுவிடும். இக்குறை தட்டையாகவும் ஓரங்கள் கூர்மையாகவும் படைகளுக்கு இடையே படுத்துக் கிடக்கும். படைகளைப் பிரிக்கும் திசையில் விசை தாக்கும்போது இது விரிசலாகவே தொழிற்படும். ஆதலால் ஒரே உலோகத்தில், ஒரே பொறியில், நிற்கவைத்து அச்சிட்ட துண்டும் கிடத்தி அச்சிட்ட துண்டும் வேறுவேறு ஆயுள் பெறுகின்றன.

இரண்டாவது, மிகுவெப்பத் துளை. வெப்பம் அளவு மிஞ்சினால் உலோகம் ஆவியாகி, உருகிய பகுதியில் ஆழ்ந்த கிணறுபோன்ற பள்ளம் தோன்றும். அதன் அடிப்பகுதி சரிந்து மூடும்போது வாயு உள்ளே சிறைப்படும்.

மூன்றாவது, தூளிலேயே அடங்கியிருந்த வாயு உண்டாக்கும் உருண்டையான நுண்துளை.

நான்காவது, மேற்பரப்பின் சொரசொரப்பு. பாதி உருகிய தூள்மணிகள் உறுப்பின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் இடையே உள்ள ஒவ்வொரு பள்ளமும் விரிசலுக்கு வித்தாகிறது.

ஐந்தாவது, எஞ்சிய தகைவு. உருகிய உலோகம் மிகவிரைவில் குளிர்ந்து சுருங்க முற்படும்போது கீழுள்ள படைகள் அதனைத் தடுக்கின்றன. அதனால் புறத்தே சுமை ஏதும் இல்லாத நிலையிலும் உறுப்பு தன்னுள் இழுபட்டே இருக்கிறது.

இவற்றால் விளைவது யாது? உலோகம் பழுதற்றதாயின் விரிசல் முளைக்கவே நெடுங்காலம் ஆகும் என்றோம். அச்சிட்ட உறுப்பில் அக்காலம் பெரிதும் சுருங்கிவிடுகிறது. பிறக்கும்போதே விரிசலை ஒத்த ஒன்றை அது தன்னுள் கொண்டிருக்கிறது.

சராசரியும் உச்சமும்

வானூர்தியிலும் மருத்துவத்திலும் பயன்படும் டைட்டானியக் கலவை ஒன்றில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் உண்டு. இதனை அச்சிட்டு ஒரே இழுப்பில் அறுத்துப் பார்த்தால், அடித்துச் செய்த உலோகத்திற்கு இணையாகவோ அதனை விஞ்சியோ நிற்கிறது. ஆனால் சொரசொரப்பான மேற்பரப்போடு அப்படியே அயர்ச்சிச் சோதனைக்கு உட்படுத்தினால், அதன் அயர்ச்சி வலிமை அடித்துக் கடைந்து மெருகேற்றிய உலோகத்தினுடையதில் பாதிக்கும் கீழாகவும் இறங்கிவிடுகிறது. ஒரே உலோகம் ஒரு சோதனையில் முதல் மாணாக்கனாகவும் மறு சோதனையில் கடை மாணாக்கனாகவும் விளங்குவது எவ்வாறு?

ஒரே முறை இழுக்கும்போது உலோகம் முழுவதும் சேர்ந்து விசையைத் தாங்குகிறது. அங்கு அளக்கப்படுவது சராசரி. அயர்ச்சியில் உலோகம் முழுவதும் பேசுவதில்லை. அதிலுள்ள மிகப்பெரிய குறை ஒன்றே பேசுகிறது. அக்குறை மேற்பரப்பை ஒட்டியிருந்தால் அதன் குரல் இன்னும் ஓங்கி ஒலிக்கும். இதுவே இப்பொருளில் நாம் உணரவேண்டிய தலையாய உண்மை.

'99.9 விழுக்காடு செறிவு' என்று கூறுவது கேட்க இனிமையானது. அதனைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 1 கன சென்டிமீட்டர் உலோகத்தில் 0.1 விழுக்காடு வெற்றிடம் என்பது 1 கன மில்லிமீட்டர் ஆகும். அது 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாகப் பிரிந்திருந்தால் அவற்றின் எண்ணிக்கை 15,000க்கு மேற்படும். அதுவே ஒரே உருண்டையாகத் திரண்டிருந்தால் அதன் விட்டம் 1.2 மில்லிமீட்டரைத் தாண்டும். இரண்டிற்கும் விழுக்காடு ஒன்றே, ஆயுள் ஒன்றாகாது.

குறையின் அளவுக்கும் அயர்ச்சி வரம்புக்கும் உள்ள தொடர்பை 1980களில் சப்பானிய அறிஞர் முரகாமி வகுத்துக் காட்டினார். விசையின் திசையிலிருந்து நோக்கும்போது குறை எவ்வளவு பரப்பை மறைக்கிறதோ அதன் வர்க்கமூலமே அவர் கொண்ட அளவுகோல். அவ்வளவு பத்து மடங்கானால் அயர்ச்சி வரம்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். உலோகத்தின் ஆழத்தில் இருக்கும் குறையைவிட மேற்பரப்பில் இருக்கும் அதே அளவுக் குறை மிகுதியான தீங்கு விளைக்கும் என்பதும் அவர் கணக்கில் அடங்கும்.

குறை களையும் வழிகள்

மேற்பரப்பைக் கடைந்து மெருகேற்றுவது முதல் வழி. ஆனால் அச்சாக்கத்தின் சிறப்பே, கருவி நுழைய முடியாத உட்குழல்களையும் வலைப்பின்னல்களையும் ஆக்குவதில் இருக்கிறது. நுழைய முடியாத இடத்தை எங்ஙனம் கடைவது? மேலும், கடையும்போது உள்ளே புதைந்திருந்த நுண்துளை ஒன்று வெளிப்பட்டு மேற்பரப்புக் குறையாக மாறிவிடுவதும் உண்டு.

உறுப்பைச் சூடேற்றி எல்லாப் புறமும் சமமாக அழுத்துவது இரண்டாவது வழி. மேற்கூறிய டைட்டானியக் கலவையை 920 பாகை செல்சியசு அளவில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அழுத்தத்தில், 2 மணி நேரம் வைப்பது வழக்கம். அடுப்பில் வெந்த மாவின் குமிழ்களைக் கையால் அமுக்கி மூடுவதுபோல் உட்துளைகள் இறுகி ஒட்டிக்கொள்கின்றன. எஞ்சிய தகைவும் நீங்குகிறது. ஆயினும் மேற்பரப்போடு வாய் திறந்துள்ள துளை இதனால் மூடாது. ஆர்கான் அடைபட்ட துளையோ, பின்னர் மிகுவெப்பத்தில் சூடேற்றினால் மீண்டும் தலைகாட்டக் கூடும்.

இவ்வழிக்கு இன்னொரு விலையும் உண்டு. நெடுநேரம் சூட்டில் இருக்கும் உலோகத்தின் நுண்ணமைப்பு பருத்துப்போகிறது. துளையை மூடப்போய் அமைப்பைக் கெடுத்துக்கொள்ளும் இவ்விக்கட்டுக்குச் சீனாவின் சென்யாங் நகரத்து உலோக ஆய்வு நிறுவனத்தார் ஒரு தீர்வு கண்டனர். 2024இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி, முதலில் துளைகளை அழுத்தி மூடினர். பின்னர் உயர்வெப்பத்தில் மிகக் குறுகிய நேரம் வைத்து, அச்சிட்டபோது இருந்த நுண்ணமைப்பை மீட்டனர். 475 மெகாபாஸ்கலாக இருந்த அயர்ச்சி வலிமை 978 மெகாபாஸ்கலாக உயர்ந்தது. துளைகள் நீங்கினால் அச்சிட்ட நுண்ணமைப்பு அயர்ச்சியை எதிர்ப்பதில் மிகச் சிறந்தது என்பதை இது காட்டுகிறது. பழி அமைப்பின்மீது அன்று, துளையின்மீதே.

சாட்சி கூறும் துண்டுகள்

உறுப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிய மருத்துவமனையில் செய்வதுபோன்றே ஊடுகதிர்ப் படம் எடுக்கின்றனர். ஆனால் உறுப்பு தடிக்கத் தடிக்கச் சிறு குறைகள் படத்தில் தப்பிவிடும். எனவே உறுப்பை மட்டும் நம்பாமல், அதனை ஆக்கிய முறையையும் சோதிக்கின்றனர். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2021இல் வெளியிட்ட அச்சாக்கத் தரவிதிகள், உறுப்போடு உடன் அச்சிடப்படும் சிறு துண்டுகளையும் சோதிக்கச் சொல்கின்றன. அவற்றுக்குச் 'சாட்சித் துண்டுகள்' என்றே பெயர். உறுப்பை உடைத்துப் பார்க்க இயலாது. உடன்பிறந்த துண்டை உடைத்துப் பார்க்கலாம்.

எதற்கு எந்தச் சோதனை என்பதிலும் தெளிவு வேண்டும். ஏவூர்தி எஞ்சின் சில நிமிடங்களே எரிய வேண்டும். இடுப்பு மூட்டோ, ஆண்டொன்றுக்கு ஒரு காலுக்குச் சுமார் 10 இலட்சம் அடிகள் என, 20 ஆண்டுகளில் 2 கோடி முறை உடலின் எடையைத் தாங்க வேண்டும். ஒன்றன் வெற்றியை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. எலும்பு உள்ளே வளர்ந்து பற்றிக்கொள்வதற்காக, மூட்டின் கிண்ணப் பகுதியைத் துளைகள் நிறைந்ததாகவே அச்சிடுகின்றனர். அங்குச் சொரசொரப்பு நன்மை. வளைவு மிகுதியாகத் தாக்கும் தண்டுப் பகுதியில் அதே சொரசொரப்பு தீமை. அதனால் தண்டுகள் இன்றும் பெரும்பாலும் அடித்துச் செய்த உலோகத்தாலேயே ஆக்கப்படுகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அச்சிட்ட உலோகம் வலிமை குன்றியது என்று கொள்ளுதலும் தவறு. ஒரே இழுப்பில் வென்றதனால் குறைவற்றது என்று கொள்ளுதலும் தவறு என்பது விளங்கும். 1842இல் முறிந்த வண்டியச்சு கற்பித்த பாடமும் இன்று அச்சிடும் பொறி கற்பிக்கும் பாடமும் ஒன்றே. தாங்கும் ஆற்றலைச் சராசரி கூறும். ஆயுளை மிகப்பெரிய குறையே கூறும்.

அறிவியல், பொறியியல் பயிலும் மாணவர்களும், உற்றார் ஒருவருக்கு மூட்டு மாற்றத்திற்காக மருத்துவரை நாடும் பெரியோர்களும் ஓர் உறுப்பைப் பற்றிக் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று உண்டு. அதிலுள்ள மிகப்பெரிய குறை எவ்வளவு பெரியதாக இருக்கக்கூடும்? அது எங்கே இருக்கக்கூடும்? எத்தனை சுழற்சிகளுக்கு அது சோதிக்கப்பட்டது? இவற்றுக்கு எண்ணால் விடை கூறக்கூடிய உறுப்பை நம்பலாம். 'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் விடையைக் கேட்டால், எஞ்சிய ஒன்றைப் பற்றி மீண்டும் வினவுதலே அறிவுடைமை என்பது நம் துணிபு.